ஆவணி வரைக்கும்

மே 4, ஞாயிறு

இன்றோடு பதினோரு வீடு பார்த்தாகிவிட்டது. கால் இரண்டும் கெஞ்சுகின்றன. கோடம்பாக்கத்தில் ஒன்று: எழுநூறு சதுர அடி, இருபத்தாறாயிரம். சமையலறைக்குள் நான் நின்றால் ஃபிரிட்ஜ் வெளியே நிற்க வேண்டும். சைதாப்பேட்டையில் ஒன்று: அறுநூற்றைம்பது, இருபத்திரண்டு. இரண்டாவது மாடிக்குத் தண்ணீர் ஏறாதாம், அதை என்னவோ பட்டம் வாங்கின மாதிரி சிரித்துக்கொண்டே சொல்கிறார் வீட்டுக்காரர். அசோக் நகர் வீடு லட்சணமாக இருந்தது. முப்பத்து மூன்று என்றார்கள். ஒரு கும்பிடு போட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

இந்த மாதக் கடைசிக்குள் இப்போதிருக்கும் வீட்டைக் காலி செய்தாக வேண்டும். ஓனர் மகனுக்குக் கல்யாணமாம். கூடுவாஞ்சேரி பக்கம் போனால் பதினைந்துக்கே ஆயிரம் சதுர அடி கிடைக்கும் என்று என் கணவர் திருமலை சொல்கிறார். கிடைக்கும், யார் இல்லை என்றது? ஆனால் தி.நகரில் நான் ரசீது போடுகிற ரத்தப் பரிசோதனை லேபுக்கு தினமும் மூன்று மணி நேரம் ரயிலில் தொங்கப் போவது அவரா, நானா? மகள் ஹம்சினிக்கு ஒன்பதாவதில் பள்ளிக்கூடம் மாற்ற முடியுமா? அந்த மூன்று மணி நேரத்துக்கும் சேர்த்துத்தான் வாடகை போட வேண்டும். அதனால் இந்த டைரியின் பின்பக்கத்தில் மூன்று பத்தி போட்டிருக்கிறேன். வாடகை, சதுர அடி, ஸ்டேஷனுக்கு நடக்க எத்தனை நிமிடம்.

மூன்றாவது பத்தியைப் பார்க்காதவர்கள்தான் அரண்மனை மாதிரி வீட்டை எடுத்துவிட்டு அதை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்க்கிறார்கள். என் ஓரகத்தி கோமதியைத்தான் சொல்கிறேன். பெரும்பாக்கத்தில் பதினெட்டாவது மாடி, மூன்று படுக்கையறை, கீழே நீச்சல் குளம். அவளுக்கு நீந்தத் தெரியாது.

மே 11, ஞாயிறு

கிடைத்துவிட்டது!

மேற்கு மாம்பலம். இரண்டாவது மாடி, இரண்டு படுக்கையறை, தொள்ளாயிரத்து இருபது சதுர அடி. மாம்பலம் ஸ்டேஷனுக்கு எட்டு நிமிடம், ஹம்சினி பள்ளிக்கு ஐந்து நிமிடம், என் லேபுக்குப் பாலம் ஏறி இறங்கினால் பதினைந்து நிமிடம். வாடகை பத்தொன்பதரை சொன்னார்கள். பக்கத்து மனையில் புது அடுக்குமாடி கட்டப் பள்ளம் தோண்டுகிறார்கள், தூசியும் சத்தமும் ஒரு வருஷத்துக்கு இருக்கும், அதனால்தான் குறைவு என்று புரோக்கர் ஜெகனே ஒளிக்காமல் சொல்லிவிட்டான். தூசிதானே, துடைத்தால் போகிறது. தூசியைச் சொல்லியே நான் இன்னும் ஒரு ஆயிரம் குறைத்தேன்.

“மேடம், இந்த ரேட்டுக்கு மாம்பலத்துல பைக் நிறுத்தக்கூட எடம் கெடைக்காது,” என்றான் ஜெகன். தெரியும் ராசா, பதினோரு வீடு ஏறி இறங்கின எனக்கா தெரியாது!

ஓனர் ஏகாம்பரம் கோயம்புத்தூரில் இருக்கிறார். ஆறு மாத அட்வான்ஸ். காலி செய்யும்போது அடுத்த ஆள் வந்து அட்வான்ஸ் கொடுத்ததும் நமக்குத் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தது. எல்லா ஓனரும் எழுதுவதுதான். கையெழுத்துப் போட்டோம்.

ஜூன் 1, ஞாயிறு

வைகாசியிலேயே பால் காய்ச்சியாகிவிட்டது. கோமதியும் கொழுந்தனாரும் வந்தார்கள். கோமதி ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்த்தாள். எவ்வளவு என்று கேட்டாள், சொன்னேன். ஜன்னல் பக்கம் போய் நின்றாள். அப்புறம், “காத்தோட்டம் கம்மியோ அக்கா,” என்றாள். பாவம், எதையாவது சொல்ல வேண்டுமே.

சின்ன அறையை ஹம்சினிக்குக் கொடுத்துவிட்டோம். முதல் முறையாக அவளுக்கென்று ஒரு அறை. சுவரோரமாகக் கட்டிலைப் போட்டு, பாட அட்டவணையை ஒட்டி, கதவைச் சாத்திக்கொண்டாள். ஜன்னலைத் திறந்தால் நேர் கீழே அந்தப் பள்ளம் தெரிகிறது. கார் நிறுத்த பூமிக்கடியில் இரண்டு தளமாம். இப்போதே ஆள் ஆழத்துக்கு மேல் போய்விட்டார்கள்.

ஜூன் 9

பள்ளத்தில் ஊற்று. மோட்டார் போட்டு இறைக்கிறார்கள், தண்ணீர் தெரு முழுக்க ஓடுகிறது. சத்தம் நிற்பதே இல்லை. பழகிவிடும்.

ஜூன் 17

பாத்ரூம் கதவு சாத்த மாட்டேன் என்கிறது. ஆசாரியைக் கூப்பிட்டுக் கீழே இழைக்கச் சொன்னேன். இருநூறு ரூபாய். மழை ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்று நான் சொன்னதற்கு, மழை எங்கேம்மா பெய்தது என்று கேட்டார். வாயாடி மனிதர்.

ஜூன் 25

சின்ன அறைக் கதவும் அப்படியே. அதே ஆசாரி வந்தார். இழைக்கவில்லை. நிலையை அண்ணாந்து பார்த்தார், கட்டை விரலால் மேல் மூலையைத் தடவினார். “கதவு நல்லாத்தான் இருக்குதும்மா. நெலதான் கோணிப் போச்சு. செவுரு அசைஞ்சா நான் என்ன பண்ண?” என்று சொல்லிவிட்டுக் காசு வாங்காமலே போய்விட்டார். வேலை செய்ய உடம்பு வணங்கவில்லை என்றால் இப்படி ஒரு சாக்கு.

ஜூன் 28, சனி

ஹம்சினி கட்டிலுக்கு மேலே ஒரு விரிசல். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக மேலே போகிறது. நூல் மாதிரி இருக்கிறது. ஏகாம்பரத்துக்கு போன் செய்தேன். அது பூச்சு விரிசல், இருபத்தைந்து வருஷக் கட்டிடம், சென்னையில் எந்தச் சுவரில் விரிசல் இல்லை என்று கேட்டார். நியாயம்தான்.

கீழ்வீட்டு ஃப்ளோரன்ஸ் டீச்சரிடம் பேச்சுவாக்கில் சொன்னேன். ரிட்டயர்டு டீச்சர், தனிக்கட்டை, சொந்த வீட்டுக்காரர். அவர் கதவைத் திறந்து என்னை உள்ளே அழைத்துப்போய்க் காட்டினார். கூடத்தில் ஒரு வரிசை டைல்ஸ் கூரை மாதிரி தூக்கிக்கொண்டு நிற்கிறது. அதன் மேல் பழைய போர்வையைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்.

இதை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கட்டிடத்தில் எட்டு வீடு, ஆறு பேர் ஓனர்கள், கூட்டம் போட்டு முடிவெடுத்திருக்கிறார்களாம். விரிசல் விழுந்த கட்டிடம் என்று தெருவில் பெயர் வந்துவிட்டால் சதுர அடிக்குப் பன்னிரண்டாயிரம் போகிற வீடு பாதி விலைக்குக்கூடப் போகாது என்று பயம். “எனக்கு இத விட்டா வேற என்னம்மா இருக்கு?” என்றார். ஏற்கெனவே மூடியிருந்த போர்வையைத் திரும்பவும் இழுத்து மூடினார். வயசு.

ஜூலை 4

பள்ளத்துக்காரர்கள் ஒரு இன்ஜினியரை அனுப்பினார்கள். சின்னப் பையன், நல்ல மரியாதை. விரிசலுக்குக் குறுக்கே விரல் நீளக் கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, இரண்டு முனையையும் சாந்து பூசி ஒட்டி, பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதினான். சுவர் அசையாமல் இருந்தால் கண்ணாடி அப்படியே இருக்கும், அசைந்தால் உடையும் என்றான். உடைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஹம்சினி கேட்டாள். எங்கள் ஆபீசுக்கு போன் செய்யுங்கள் என்று நம்பர் கொடுத்தான்.

சாம்பாரில் உப்பு போட மறந்துவிட்டேன். யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பிட்டார்கள்.

ஜூலை 10, வியாழன்

ஹம்சினி பள்ளிக்குக் கிளம்பும்போது சொன்னாள், கண்ணாடி உடைந்திருக்கிறது என்று. ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள். எப்போது உடைந்தது என்று கேட்டேன். திங்கட்கிழமையாம். ஏன்டி சொல்லவில்லை என்று கத்தினேன். “சொன்னா நீ திட்டுவன்னு நெனச்சேன்,” என்றாள்.

அந்த நம்பருக்கு நாலு முறை அடித்தேன். யாரும் எடுக்கவில்லை.

ஜூலை 11

திருமலை ஒரு வார்த்தை பேசினால் அதிசயம். இன்று பேசினார். நாளைக்கே கிளம்பலாம் என்றார். “கோமதி வீட்ல ரெண்டு ரூம் சும்மாதான கெடக்கு. சாமானத்த அப்புறம் பாத்துக்கலாம். புள்ளைய அந்தச் செவுத்துக்குப் பக்கத்துல படுக்க வைக்க எனக்கு மனசு இல்ல.”

கோமதி வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பதா! போன மாதம்தான் சதுர அடிக் கணக்கெல்லாம் சொல்லி வாயை அடைத்து அனுப்பினேன். கட்டிலைக் கூடத்துக்கு இழுத்துப் போட்டால் ஆச்சு என்றேன். போட்டோம். வேறு வீடு பார்க்க ஆரம்பித்துவிட்டேன்.

ஜூலை 14

ஏகாம்பரத்திடம் காலி செய்கிறோம் என்று சொன்னேன். தாராளமாகச் செய்யுங்கள் என்றார். அட்வான்ஸ் கேட்டேன். அடுத்த ஆள் வந்தால் அன்றைக்கே அனுப்புகிறேன் என்றார். என்னிடம் இருக்கிற மொத்தச் சேமிப்பும் அந்த அட்வான்ஸ்தான், அது வராமல் இன்னொரு வீட்டுக்கு எதைக் கொடுப்பது? ஜெகனைப் பிடித்து, ஆள் பார் என்றேன். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது மேடம், ஆடியில் எவன் வீடு பார்க்க வருவான், ஆவணி வரைக்கும் என் ஆபீசையே சாத்தி வைத்துவிடுவேன் என்று சிரிக்கிறான்.

ஜூலை 16

நங்கநல்லூரில் ஒரு வீடு. எழுநூற்று எண்பது சதுர அடி, இருபத்தொன்று. ஸ்டேஷனுக்குப் பதினெட்டு நிமிடம். சுற்றிலும் மனை எதுவும் காலியில்லை, அதை முதலில் பார்த்தேன். ஓனர் நல்ல மனிதர். ஐயாயிரம் டோக்கன் வாங்கிக்கொண்டு, மீதி அட்வான்ஸை ஆவணி ஒன்றாம் தேதி கொடுத்தால் போதும் என்றுவிட்டார். சாவியை இப்போதே வேண்டுமானாலும் தருகிறேன் என்றார்.

நாளைக்கு ஆடி. ஆடியில் எப்படிக் குடி போவது? கோவில்பட்டியிலிருந்து மாமியாரும் போனில் அதையே சொன்னார். அந்தக் காலத்தில் ஆடியில் வீடு மாறித்தான் மாமனார் நாற்பது நாளில் படுத்தாராம். மாமியார் பேச்சை நான் என்றைக்குக் கேட்டேன் என்று திருமலை கேட்கிறார். இந்த ஒன்றிலாவது கேட்கிறேனே, சந்தோஷப்பட வேண்டியதுதானே. சரியாக ஒரு மாதம். ஒரு மாதம் என்பது என்ன, சம்பளம் வாங்கித் திரும்புவதற்குள் ஓடிவிடும்.

ஜூலை 22

விரிசலில் என் சுண்டுவிரல் நகம் போகிறது.

ஜூலை 27, ஞாயிறு

ஆடி பதினொன்று. அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள், ஒலிபெருக்கி அலறலில் மோட்டார் சத்தம் கேட்கவில்லை. மற்ற வேலை: இரண்டு வாரத் துணி துவைத்தேன், மிளகாய்ப் பொடி அரைத்து வந்தேன், கீழே இரும்புக் கேட்டின் தாழ்ப்பாள் பொருந்தவில்லை என்று அதைச் சங்கிலி போட்டுக் கட்டியிருக்கிறார்கள்.

ஹம்சினி கூடத்தில் வாசல் கதவுக்குப் பக்கத்தில் பாயைப் போட்டுக்கொள்கிறாள். கட்டில் வேண்டாமாம். ஸ்கூல் பையைத் தலைமாட்டிலும் செருப்பைக் கால்மாட்டிலும் வைத்துக்கொண்டு படுக்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 31

ஆடிப்பெருக்கு நல்ல நாள்தானே, ஞாயிற்றுக்கிழமை, அன்றைக்குப் போனால் என்ன என்று திருமலை கேட்டார். அது தாலிக் கயிறு மாற்றவும் நகை வாங்கவும்தான், வீடு மாற இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. “ஆடிக்குப் பயப்படுறியா, இல்ல கோமதிக்குப் பயப்படுறியா?” என்று கேட்டுவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். பதினாறு வருஷத்தில் இந்த மனிதரிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததில்லை. அடுப்படியில் நின்று அழுதேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தது நல்லதாய்ப் போயிற்று.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

பெருக்குக்குச் சித்ரான்னம் ஐந்து வகை செய்தேன். ஃப்ளோரன்ஸ் டீச்சருக்குக் கொண்டுபோனால் வீடு பூட்டியிருக்கிறது. தாம்பரத்தில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாராம், எப்போது வருவார் என்று வாட்ச்மேனுக்குத் தெரியவில்லை. கீழேயும் முதல் மாடியிலுமாக நாலு குடும்பம் போன வாரமே போய்விட்டது. எட்டு வீட்டில் இப்போது விளக்கு எரிவது மூன்று.

ஆகஸ்ட் 5

ஏகாம்பரம் ஆள் அனுப்பி விரிசலை அடைத்துப் பட்டி பார்த்து வெள்ளை அடித்துவிட்டார். அந்தச் சுவர்தான் இப்போது வீட்டிலேயே பளிச்சென்று இருக்கிறது. பெயின்ட் அடித்தவரிடம் இது தாங்குமா என்று கேட்டேன். பெயின்ட்டா சுவரா என்று திருப்பிக் கேட்டார்.

ஆகஸ்ட் 6, புதன்

ஜெகன் ஆளோடு வந்துவிட்டான். ஸ்டெல்லா என்று பெயர். முப்பது வயதிருக்கும். நாகப்பட்டினத்துப் பக்கம். இங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ், கணவன் குவைத்தில். ஹாஸ்டலில் இருக்கிறாளாம். எங்களுக்கு ஆடியெல்லாம் கிடையாதுக்கா, வீடு பிடித்தால் இந்த ஞாயிறே வந்துவிடுவேன் என்றாள்.

நானே சுற்றிக் காட்டினேன். ஸ்டேஷன் எட்டு நிமிடம், மார்க்கெட் நாலு நிமிடம், ஆஸ்பத்திரிக்கு நடந்தே போகலாம், அசோக் நகரில் இதே அளவு வீடு முப்பத்து மூன்று. என் நோட்டுக் கணக்கெல்லாம் தண்ணீர் மாதிரி வாயில் வந்தது. அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். சின்ன அறையில் நின்று ஜன்னலைத் திறந்து கீழே பார்த்தாள், மூடினாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“இவ்வளவு வசதியான வீட்ட நீங்க ஏங்க்கா விட்டுட்டுப் போறீங்க?”

ஜெகன் செல்போனை நோண்டிக்கொண்டிருந்தான். ஹம்சினி கூடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பக்கம் புரட்டும் சத்தம் நின்றுவிட்டது.

“அவருக்குக் கிண்டியில வேல. இங்கேருந்து தூரமா இருக்கும்மா,” என்றேன்.

மாம்பலத்திலிருந்து கிண்டி இரண்டாவது ஸ்டேஷன். சென்னை தெரிந்த யாரும் சிரித்திருப்பார்கள். அவள் சரிக்கா என்றாள்.

ஆகஸ்ட் 8

அட்வான்ஸ் முழுசாக வந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த பணம், நல்ல சகுனம்தான்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

காலி செய்தாகிவிட்டது. சாமானை நங்கநல்லூரில் இறக்கிவிட்டோம். சாமான் போவது குடி போவது ஆகாது, பால் காய்ச்சினால்தான் குடி. ஆவணி பிறந்ததும் காய்ச்சிக்கொள்ளலாம், அதுவரை ஒரு வாரம் கோமதி வீடு. லாரி போன பிறகு திருமலை சொன்னார்: “இதே மாதிரி அன்னைக்கே பண்ணியிருக்கலாம்ல.” காதில் விழாத மாதிரி இருந்துவிட்டேன்.

சாவியை ஸ்டெல்லாவிடம் கொடுத்தேன். இரண்டு பெட்டி, ஒரு கேஸ் அடுப்பு, சுவரில் மாட்ட ஒரு மாதா படம். அவ்வளவுதான் அவள் சாமான். என் கையைப் பிடித்துக்கொண்டு, மெட்ராசில் தனக்கு இப்படி யாரும் பொறுமையாக வீடு காட்டியதில்லை என்றாள்.

கோமதி எதுவும் கேட்கவில்லை. ஹம்சினிக்குத் தோசை வார்த்துப் போட்டாள். எங்களுக்குப் பெரிய அறையைக் கொடுத்துவிட்டு அவர்கள் சின்ன அறையில் படுத்துக்கொண்டார்கள். ஒரு சொல் குத்தலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆகஸ்ட் 12

ஹம்சினி இரண்டு நாளாக நன்றாகத் தூங்குகிறாள். காலையில் பல் தேய்த்துக்கொண்டே, அந்த அக்காவிடம் சொல்லிவிட்டாயா என்று கேட்டாள். சொல்லிவிட்டேன் என்றேன். சரி என்று நம்பிவிட்டாள். நம்பியிருக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

மத்தியானம் லேபில் கூட்டம். ஸ்டெல்லாவிடமிருந்து போன். சும்மா பேசத்தான் கூப்பிட்டாளாம். ஊரிலிருந்து அம்மாவையும் மகளையும் அழைத்து வந்துவிட்டாளாம். மகளுக்கு நாலு வயசு, பிறந்ததிலிருந்து தானும் மகளும் ஒரே வீட்டில் சேர்ந்து இருப்பது இதுதான் முதல் தடவை. “வெள்ளையா பளிச்சுன்னு இருக்குல்ல, அந்தச் சின்ன ரூம அவளுக்கே கொடுத்துட்டேங்க்கா. செவுரு பூரா கிறுக்குறா. ஓனர் திட்டுவாரா?”

திட்ட மாட்டார் என்றேன். அதற்கப்புறம் வந்தவர்களிடம் நான் இரண்டு ரசீதை மாற்றிக் கொடுத்துவிட்டேன். மேனேஜர் கூப்பிட்டு என்னம்மா ஆச்சு என்றார்.

பெண்ணே, உனக்கு ஒரு மகள் இருக்கிறாள் என்று அன்றைக்கே ஏன் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்று எழுதத்தான் ஆசை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

போனேன். திருமலையிடம் மட்டும் சொல்லிவிட்டுப் போனேன். அவர் பஸ் ஸ்டாப் வரை வந்தார்.

விரிசல், கண்ணாடி, கீழ்வீட்டு டைல்ஸ், ஆசாரி சொன்னது, ஒன்று விடாமல் சொன்னேன். கிண்டி பொய் என்பதையும் சொன்னேன். ஸ்டெல்லா தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கீரையை வைத்துவிட்டு எழுந்து சின்ன அறைக்குப் போனாள். நானும் பின்னாலேயே போனேன். வெள்ளையடித்து பத்து நாள்தான், அதற்குள் குழந்தையின் கிறுக்கல்களுக்கு நடுவே அந்தக் கோடு திரும்பவும் வந்திருந்தது. அதையும் மகள் பென்சிலால் போட்டது என்றுதான் இவள் நினைத்திருக்கிறாள்.

என்னைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். கட்டிலின் ஒரு முனையைப் பிடிங்க்கா என்றாள். இருவரும் கூடத்துக்குத் தூக்கி வந்தோம். அவளுடைய அம்மா எதற்கு என்று கேட்டார், அங்கே புழுக்கமாக இருக்கிறது என்று இவள் சொன்னாள்.

அட்வான்ஸ் தாலிச் செயினை அடகு வைத்துக் கொடுத்ததாம். நான் வாங்கிய பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரை வந்தது. நங்கநல்லூர்க்காரருக்கு நாளை மறுநாள் கொடுக்க வேண்டியதும் அந்தப் பணம்தான். சொல்லவில்லை. ஊருக்கே போய்விடு என்றேன். ஊரில் யார் எனக்குச் சம்பளம் தருவார்கள் என்றாள். வாசல் வரை வந்து வழியனுப்பினாள், தண்ணீர் குடிச்சிட்டுப் போங்க என்று வேறு சொன்னாள்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி ஒன்று. நங்கநல்லூரில் பால் காய்ச்சினோம். பொங்கி நன்றாகவே வழிந்தது. கோமதி குத்துவிளக்கு வாங்கி வந்திருந்தாள்.

ஆகஸ்ட் 19

ஸ்டெல்லா பேசினாள். குரலில் அந்தக் குழைவு இல்லை. ஏகாம்பரத்திடம் கேட்டாளாம். எனக்குச் சொன்ன அதே பதில், அடுத்த ஆள் வந்தால் அன்றைக்கே அனுப்புகிறேன் என்று. ஆவணி பிறந்துவிட்டதால் ஜெகனிடம் ஆட்கள் நிறைய வருகிறார்களாம். முன்னால் குடியிருந்தவர் என்று என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

“யாராச்சும் கேட்டா நல்ல வீடுன்னு மட்டும் சொல்லுங்கக்கா. என்கிட்ட எப்படிச் சொன்னீங்களோ, அப்படியே சொல்லிருங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம். நான் என் புள்ளையோட அங்கேருந்து எறங்கணும்.”

சரி என்று சொல்லிவிட்டேன். அதைத் தவிர என்ன சொல்வது?

ஆகஸ்ட் 20

ஊரெல்லாம் பெரிய மழை. ஸ்டெல்லாவுக்கு மூன்று முறை அடித்தேன். டியூட்டியில் இருந்திருக்கிறாள், பிறகு கூப்பிட்டாள். ஒன்றுமில்லை, சும்மாதான் என்றேன். அவளுக்குப் புரிந்தது. இன்னும் நிக்குதுக்கா என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஆகஸ்ட் 23, சனி

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருக்கும்போது தெரியாத நம்பர். ஆண் குரல், ரொம்ப மரியாதையாகப் பேசினார். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை, திருவள்ளூரிலிருந்து தினமும் போய் வருகிறாராம், போக இரண்டு மணி, வர இரண்டு மணி. மாம்பலத்தில் ஒரு வீடு பார்த்தாராம், நீங்கள் இருந்த வீடுதானாம், நாளைக்கு அட்வான்ஸ் கொடுக்கலாம் என்று இருக்கிறார். “வீடு எப்படிங்க மேடம்?”

ஹம்சினி கதவோரம் வந்து நின்றாள். வீட்டில் யார் யார் என்று அவரைக் கேட்டேன். மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவள் ஆறாவது என்றார்.

ஸ்டெல்லாவின் மகள் முகம் ஞாபகம் வந்தது. இந்த இரண்டு பெண்களையும் நான் பார்த்ததில்லை, அதனால் சுலபமாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். முடியவில்லை. எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டேன். அங்கே இப்போது இருப்பவள் இதற்காக என்னை மன்னிக்க மாட்டாள் என்றுகூடச் சொன்னேன். குழந்தைகளை அந்த வீட்டில் வைக்காதீர்கள், கட்டிடத்தில் பாதிப் பேர் போய்விட்டார்கள், சுவர் அசைந்துகொண்டே இருக்கிறது என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

போனை வைத்துவிட்டாரோ என்று பார்த்தேன், இல்லை. பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

“ஸ்டேஷனுக்கு எட்டு நிமிஷம்தானுங்களே?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.

“பதினெட்டரை சொல்றாங்க மேடம். இந்த விரிசல் விஷயத்தச் சொல்லிக் கேட்டா, பதினாறுக்கு எறங்கி வருவாரா?”

ஹம்சினி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்டுப் பாருங்கள் என்றேன்.